காருக்கு விட்ட இடம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் தெம்பாகத்தான் இருந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டதற்கு "இருக்கேம்பா" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், நான் கோபமாக இருக்கிறேன். அரிசி களையும்போதும் கோபம், தலை துவட்டும்போதும் கோபம். அதைப் போனில் சொல்ல முடியாது. நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு இன்னொரு கால் வந்துவிடும், "அம்மா, ஒரு நிமிஷம்" என்பாய், அந்த நிமிஷம் முடியவே முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி. ஆபீஸ் போகிற வழியில் சிக்னலில் நிற்கும்போது படிக்காதே.

"ரூல்னா ரூல்தாம்மா. ஷெட்ட ரூமாக்க விடலன்னா விட்டுத் தொலை. வீட்ட பில்டர்கிட்ட குடுத்துடலாம், நீ மெட்ராஸ் வந்துடு. அடுத்த வாரம் அவரையே கூட்டிட்டு வரேன்" என்று சொன்னாய். சொல்லிவிட்டு நான் பதில் சொல்லக் காத்திருந்தாய். பால்வாடியில் அத்தனை வருஷம் பிள்ளைகளை மேய்த்தவள், ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் தட்டைப் பிடுங்கினால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிடுங்குவது சொந்தப் பிள்ளையாக இருந்து, அதையும் பாசத்தோடு செய்தால் என்ன சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முதலில் அந்த ஷெட் எப்படி வந்தது என்பதை நீ ஒழுங்காகத் தெரிந்துகொள். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். மில்லை மூடி அப்பாவைக் கணக்குத் தீர்த்து அனுப்பியபோது, கையில் கொடுத்ததை வைத்து ரெட்டியார்பாளையத்தில் இந்தக் குறுகலான மனையில் வீடு கட்ட ஆரம்பித்தோம். பிளான் போட வந்த இன்ஜினியர், கார் நிறுத்த இடம் காட்டினால்தான் பிளான் பாஸ் ஆகும் என்றார். "இப்போதைக்குப் பேப்பர்ல காட்டிக்கலாம் சார், பாஸானதும் செவுரு வெச்சி ரூமாக்கிக்கங்க, ஊரே அப்படித்தான் கட்டுது" என்றும் அவரே வழி சொன்னார். அப்பா கேட்கவில்லை. பேப்பரில் ஒன்று, தரையில் ஒன்று என்று செய்ய அவருக்கு மனசு வரவில்லை. அதைவிடப் பெரிய காரணம் நீ. "புள்ள படிச்சி முடிச்சி வேலைக்குப் போயி கார்ல வந்து எறங்குவான்டி. அப்ப வண்டிய தெருவுலயா நிறுத்துவான்?" என்றார். எனக்கும் அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. மில்லில் தறி ஓட்டியவன் வீட்டில் கார் ஷெட் என்றால் சும்மாவா? கிரகப்பிரவேசத்துக்கு வந்த உன் அத்தை, அடுப்பங்கரையைப் பார்ப்பதற்கு முன் ஷெட்டைத்தான் சுற்றிப் பார்த்தாள்.

ஆகவே கீழே ஷெட், தண்ணீர்த் தொட்டி, ஒரு குளியலறை, படிக்கட்டு. நாங்கள் மனுஷர்கள் எல்லாம் மேலே. தெருவைப் பார்த்த இடம், சாயங்காலம் கடல்காற்று வந்து தட்டுகிற இடம், அதை இல்லாத காருக்குக் கொடுத்துவிட்டு, இருக்கிற நாங்கள் செங்குத்தான படியேறிப் போனோம். இடம் போதாததால் படிக்கட்டு ஒடுங்கிப்போய், நடுவில் ஒரு திருப்பம் வேறு. மேஸ்திரியே, "பீரோ ஏறாதுங்க" என்றார். பீரோவை வெளியிலிருந்து கயிறு கட்டி ஏற்றினோம். மனுஷனை எப்படி இறக்குவது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

கார் வந்ததா? அதற்கு முன் கரண்ட் கம்பம் வந்தது. தெருவைப் புதுப்பிக்கிறோம் என்று வந்தவர்கள், நம் ஷெட் கேட்டுக்கு எதிரே, சரியாக முக்கால் பாகத்தில், ஒரு சிமென்ட் கம்பத்தை நட்டுவிட்டுப் போனார்கள். அப்பா ஓடிப்போய், "வண்டி வர்ற வழிங்க" என்று சொன்னார். "வண்டி எங்க?" என்று கேட்டான் குழி தோண்டியவன். அப்புறம் கம்பத்தை நகர்த்தச் சொல்லி கரண்ட் ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்தார் தெரியுமா? நகர்த்த வேண்டுமென்றால் செலவை நாங்கள்தான் கட்ட வேண்டும் என்றார்கள். நட்டவர்கள் அவர்கள், கட்டுவது நாங்கள். போன வருஷம் பொங்கலுக்கு உன் புது வண்டியை உள்ளே விடப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? இடது பக்கக் கண்ணாடி கம்பத்தில் உரசி, நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அஞ்சலை ஓடிவந்தாள். கடைசியில் எதிர்வீட்டு வாசலில் நிறுத்தினாய். அப்பா உனக்காகக் கட்டிய ஷெட்டில் உன் கார் ஒரு நாள்கூட நின்றதில்லை.

அந்த ஷெட்டில் நின்றது எது, கிடந்தது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ மறந்தவன்போலப் பேசுகிறாய். அன்றைக்குக் காலையில் அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் திரும்பவில்லை. நேராக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் புடவையால் கட்டி, படிப்படியாக இறக்கினார்கள். அவர் கை இரண்டு பக்கச் சுவரிலும் உரசிக்கொண்டே போனது. அந்தத் தாமதம் இல்லையென்றால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஐஸ் பெட்டி மேலே ஏறாது, அதனால் ஷெட்டில் வைத்தார்கள். நீ மெட்ராசிலிருந்து வந்து காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு ஓடிவந்தாய். "நல்லவேளை, ஷெட் இருந்துச்சு" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

இப்போது என் முறை. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது என்று நீயே எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினாய், மருந்தும் வாங்கித் தந்தாய், அதில் குறை இல்லை. ஆனால் படியை யார் குறைப்பது? காய்கறி வண்டி வந்தால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குகிறேன். வண்டிக்காரர் போட்டுத் தருவதுதான் கத்திரிக்காய், பொறுக்கி எடுக்க முடியாது. அஞ்சலை பேச வேண்டுமென்றால் தெருவில் நின்று அண்ணாந்து பேச வேண்டும், அவளுக்குக் கழுத்து வலி. உனக்குச் சொல்லாத ஒன்று: ஆடி மாதம் அந்தத் திருப்பத்தில் கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. யாராவது வருவார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து பால்காரர் குரலுக்காகக் காத்திருந்தேன். அப்போது கீழே பார்த்தேன். ஷெட் காலியாக, பெருக்கிச் சுத்தமாக, அத்தனை வெளிச்சத்தோடு இருந்தது. ஒரு சுவர், ஒரு ஜன்னல், ஒரு கதவு வைத்தால் நான் அங்கே படுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான் என் ஆசை. நான் மாளிகை கேட்கவில்லை.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். அனுமதி கேட்டேன். அப்பா உயிரோடு இருந்தால் கேட்டிருப்பார், அதனால் நானும் கேட்டேன். அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டாள். "கேட்டியாக்கா? ஏங்க்கா கேட்ட? கேட்டாத்தான் இல்லம்பான். எங்கூட்டு ஷெட்டு இன்னிக்கி மாவு மில்லு, யாரு வந்து இன்னான்னு கேட்டா?" என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நம் தெருவில் எந்த வீட்டில் கார் ஷெட் கார் ஷெட்டாக இருக்கிறது? ஒன்று ஜெராக்ஸ் கடை, ஒன்று பியூட்டி பார்லர். எதிர்வீடு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாவின் பிள்ளைகளுடையது. அவர்கள் பாரீசில் இருக்கிறார்கள், வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. சனி, ஞாயிறு வந்தால் வெளியூர் நம்பர் வண்டிகள் நம் வாசல்வரைக்கும் நிற்கின்றன. தெருமுனைப் பிராந்திக்கடைக்கு வருகிறவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள்? எந்த அதிகாரி போய் அங்கே டேப் பிடித்து அளந்தான்? பேப்பரில் போட்டபடியே தரையில் கட்டியது நாங்கள் ஒரு வீடுதான், டேப்போடு வந்தது எங்களிடம்தான்.

பிளான் பாஸ் பண்ணுகிற அந்த ஆபீஸ் மாடியில் இருக்கிறது. லிப்ட் இருக்கிறது, அதன் கதவில் "பழுது" என்று ஒரு அட்டை தொங்குகிறது. படி ஏற முடியாதவள், படி ஏறாமல் இருக்க அனுமதி கேட்டு, படி ஏறிப் போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பர் குறைந்தது. பழைய பிளான் நகல் வேண்டும் என்றார்கள், அதை அவர்களிடமேதான் வாங்க வேண்டும், அதைத் தருகிறவர் லீவில் இருந்தார். பால்வாடியில் பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை பொறுமையாகக் கேட்டவள் நான். அந்தப் பொறுமை முழுவதையும் அங்கே செலவழித்தேன். வாசலில் ஒரு ஆள் பக்கத்தில் வந்து, "பார்த்து முடிச்சிடலாம்மா" என்று பல்லைக் காட்டினான். என் பால்வாடியில் படித்தவன் மாதிரி இருந்தது. பெயரைக் கேட்டேன், நழுவிவிட்டான்.

பிறகு இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜீப்பில் வந்தார். சின்ன வயசு, உன்னைவிட இளையவர். ஜீப்பை எங்கே நிறுத்தினார் என்று நினைக்கிறாய்? தெருவில், அஞ்சலை வாசலை அடைத்துக்கொண்டு. ஷெட்டை அளந்தார், போட்டோ எடுத்தார். "இது பார்க்கிங்குன்னு அப்ரூவ் ஆனதும்மா. பார்க்கிங்க மாத்த முடியாது. எல்லாரும் இப்படி மாத்திட்டா வண்டியெல்லாம் தெருவுலதான் நிக்கும்" என்றார்.

"நியாயம்தான் சார். அப்ப உங்க வண்டிய உள்ள வுடச் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"நிறுத்தற எடம்னு நீங்கதான சொல்றீங்க. நிறுத்திக் காட்டுங்க. நின்னுதுன்னா நான் மேலயே கெடந்து சாவறேன்."

அஞ்சலை சிரித்துவிட்டாள். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது, அவர் பாவம், நல்ல மனுஷன். முன்னால் விட்டுப் பார்த்தார், பின்னால் விட்டுப் பார்த்தார், கண்ணாடியை மடக்கிவிட்டுப் பார்த்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து, "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று கை காட்டினார். கடைசியில் பம்பர் கம்பத்தில் போய் முட்டியது. டிரைவர் இறங்கி, "போவாது சார்" என்றார். இன்ஸ்பெக்டர் கம்பத்தை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். "அது வேற டிபார்ட்மென்ட்மா" என்றார். சொல்லிவிட்டு அதே தெருவில் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அனுமதி இல்லை என்று பதில் வந்தது. சும்மா விடுவேனா? மறுபடியும் படியேறி, இன்ஸ்பெக்டருக்கு மேலே இருக்கும் அதிகாரியைப் பார்த்தேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், மரியாதையான மனுஷர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பைலைப் புரட்டிவிட்டு, "ஷெட்டை இப்ப எதுக்குப் பயன்படுத்தறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுத்துக்கும் இல்ல சார். ஒரே ஒரு தடவ எங்க வீட்டுக்காரர கெடத்தி வெச்சிருந்தோம்."

அவர் பைலை மூடி வைத்தார். பிறகு, "அது டெம்பரரி யூஸ்மா. அதுக்கெல்லாம் பர்மிஷன் தேவையில்ல" என்றார்.

"அப்ப செத்துப்போனவரு அங்க படுக்க உங்க பர்மிஷன் வேணாம். உசுரோட இருக்கறவ படுக்கத்தான் வேணுமா சார்?"

"எமோஷனலா பேசாதீங்கம்மா" என்றார். எல்லோருக்கும் இந்த வார்த்தை நன்றாகப் பழகியிருக்கிறது. நீயும் இதைத்தான் போனில் சொன்னாய்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கெட்டவன் இல்லை. நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாய், பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள நினைக்கிறாய். மருமகளும் தங்கமானவள், எனக்குத் தெரியும். ஆனால் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த பில்டரின் படத்தை ஒரு தடவையாவது கண் திறந்து பார்த்தாயா? நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தரைத்தளம் முழுக்கக் கார். வரிசையாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கார் வரைந்திருக்கிறான். மனுஷர்கள் எல்லாம் மேலே. எனக்கு மூன்றாவது மாடியில் ஒன்று தருவானாம், லிப்ட் உண்டாம். லிப்ட் கதவில் அட்டை தொங்குவதை நான் பார்த்துவிட்டேன் தம்பி. நாங்கள் அறியாமல் ஒரு காருக்கு இடம் விட்டு உயிரை விட்டோம். நீ படித்தவன், தெரிந்தே நாலு காருக்கு விடச் சொல்கிறாய்.

மெட்ராசில் உன் வீடு பதினோராவது மாடி. போன தடவை வந்திருந்தபோது ஒரு வாரத்தில் நான் பேசியது உங்கள் மூன்று பேரோடும், லிப்டில் வருகிற நாயோடும்தான். இங்கே எனக்குத் தெருவே உறவு. பால்வாடியில் என் மடியில் மூத்திரம் போனவன் இன்று தண்ணீர் கேன் போடுகிறான், "டீச்சர்" என்று கத்திவிட்டுத்தான் போவான். அவன் முகத்தைப் பார்த்தே பல மாதம் ஆகிறது, மேலேயிருந்து பார்த்தால் தலைதான் தெரிகிறது. நான் கேட்பது அவர்களின் முகம் தெரிகிற உயரம். அதற்கு எந்தச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்?

உனக்கு நான் சொல்ல நினைப்பது பெரிய புத்திமதி எல்லாம் இல்லை. "ரூல்னா ரூல்தான்" என்று சொல்வதற்கு முன், அந்த ரூல் யாரைத் தேடி வருகிறது, யாரைப் பார்த்தால் வேறு டிபார்ட்மென்ட் ஆகிவிடுகிறது என்று கொஞ்சம் பார். கார் தெருவை அடைக்கக் கூடாது என்ற ரூல் நல்ல ரூல்தான், நான் அதற்கு எதிரி இல்லை. அதை என் ஒருத்தி முட்டியின் மேல் மட்டும் ஏற்றி வைத்தால் எனக்குக் கோபம் வரும். நீயும் ஒருநாள் வீடு கட்டுவாய். அன்றைக்கு முதலில் யார் எங்கே உட்காருவார்கள், யாருக்கு எப்போது முட்டி வலிக்கும் என்று யோசித்துவிட்டு, மிச்சம் இருந்தால் வண்டிக்குக் கொடு. உன் பிள்ளை பெரிய ஆளாகி வண்டியில் வந்து இறங்குவான் என்று அவனுக்காக இடம் விட்டு வைக்காதே. அவன் வந்தால் நிறுத்திக்கொள்வான்.

அடுத்த வாரம் நீ வா. தாராளமாக வா. கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைக்கச் சொல்லி அஞ்சலையிடம் சொல்லியிருக்கிறேன். பில்டரைக் கூட்டிக்கொண்டு வராதே, அவருக்குக் குழம்பு கிடையாது. கையெழுத்து எதுவும் நான் போடப் போவதில்லை.

இன்னொன்று. நேற்று அஞ்சலையும் அவள் மருமகனும் வந்து, என் கட்டிலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கிவிட்டார்கள். செங்கல் ஒன்றுகூட வைக்கவில்லை, கேட் அப்படியே இருக்கிறது, சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, அதனால் நோட்டீசும் ஒட்ட முடியாது. வெறும் படுக்கை எந்த ரூலிலும் கட்டடம் ஆகாது. கேட் கம்பியில் கொசுவலையைக் கட்டியிருக்கிறேன், சாரல் அடித்தால் தார்ப்பாய். காலையில் கண் விழித்தபோது தண்ணீர் கேன்காரன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். "டீச்சர், எளச்சிட்டீங்க" என்றான். அவனுக்கு மீசை முளைத்திருக்கிறது, எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அதனால் வரும்போது வண்டியைத் தெருவிலேயே நிறுத்து. ஷெட்டில் ஆள் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா